பாரிஸ் நகரில் முடிச்சுமாறிகளும் நமது தற்காப்பும்

(சங்க உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மகன் பாரிஸிலே இருக்கிறான், மகள் இலண்டனிலே இருக்கிறாள் என்று சொல்லும் வீடுகள் இன்று நம்மிடையே பல. பேரப்பிள்ளையின் முகம் பார்க்கப் பெரியோர் போகின்றனர். படிக்கவும் நகர் பார்க்கவும் இளைஞர் போகின்றனர். பல வருடச் சேமிப்பைக் கொண்டு மேற்கொள்ளும் அப்பிரயாணத்தை ஒரு நொடியிலே துன்பமாக்க வல்லவன் முடிச்சுமாறி. பணம் போனால் திரும்ப உழைத்துக்கொள்ளலாம். கடவுச்சீட்டுப் போனாலோ, அதில் ஒட்டிய விசாவும் கூடவே போய்விடும். ஊர் திரும்ப வேண்டிய விமானமும் நமக்காகக் காத்து நிற்காது. ஆதலின், நம்மவர் பெருந்தொகையாய் வாழும் பாரிஸ் நகரை முன்வைத்து இவ்விடயம் பற்றிச் சில கூறுவோம்.

அந்நகரின் பெருமைக்கு இழுக்குச் சொல்ல நாம் வரவில்லை. எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் திகதி, உலகப் புகழ் பெற்ற லூவர் நூதனசாலை பூட்டிக் கிடந்தது. முடிச்சுமாறிக் கும்பல்களின் தொல்லை பொறுக்கமாட்டாமல் காவலர்களே வேலையை நிறுத்தினார்கள். 2015ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி, அதே காரணத்துக்காக ஈபிள் கோபுரத்தின் ஊழியர்களும் வேலைக்குச் செல்ல மறுக்க, கோபுரம் பல மணிநேரம் மூடப்பட்டது. நாள்தோறும் அங்கே நிற்கும் காவலரே சலித்துப்போனார்கள் என்றால், முதன்முறை போய் அண்ணாந்து பார்க்கும் நம் நிலை என்ன?

முடிச்சுமாறி பலசாலியல்லன், பெரும்பாலும் ஆயுதம் தாங்கியவனும் அல்லன். அவன் முதலிலே எடுப்பது நமது பணப்பையை அன்று, நமது கவனத்தை. கவனம் போன பின்னரே பை போகின்றது. அவன் தனியாக வருவதும் குறைவு. ஒருவன் வழி மறிப்பான், ஒருவன் எடுப்பான், எடுத்ததை மூன்றாமவன் வாங்கிக்கொண்டு மறைவான். ரொபேர் பிரெசோன் என்ற பிரெஞ்சு இயக்குநர் 1959இல் வெளியிட்ட ‘பிக்பொக்கற்’ என்னும் திரைப்படத்திலே, பாரிஸின் லியோன் புகையிரத நிலையத்தில் மூவர் கூடித் தொழில் நடத்தும் காட்சி ஒன்றுண்டு. அதைப் பார்த்தவர்களுக்கு இக்கூட்டுமுறை நன்கு விளங்கும்.

அவர்களுடைய தந்திரங்கள் சிலவற்றை அறிந்து வைத்தல் நன்று. கையெழுத்துக் கேட்டு ஒரு தாளை நம் முகத்தருகே நீட்டுவர். தாளின் கீழே கை வேலை செய்யும். உணவுச்சாலை மேசையிலே கைத்தொலைபேசியை வைத்திருந்தால், அதன்மேல் ஒரு வரைபடத்தை விரித்து வழி கேட்பர். வரைபடத்தோடு தொலைபேசியும் போய்விடும். மொன்மாத்திரக் குன்றின் தேவாலயப் படிகளருகே, வண்ண நூல் ஒன்றைக் கையிலே கட்டிவிட்டுக் காசு கேட்டு நெருக்குவர். கோயிலிலே நூல் கட்டிப் பழகிய நமது கை தானாகவே நீளும். அங்கே கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடப்பதே புத்தி. சுரங்கப் புகையிரதத்திலோ, கதவு மூடுமுன் ஒலி எழும்பும் அந்தக் கணத்திலே பறித்துக்கொண்டு குதித்துவிடுவர். கதவு மூடிவிடும், வண்டி நகர்ந்துவிடும், நாம் கண்ணாடிக்குள்ளே நின்று பார்த்துக்கொண்டிருப்போம்.

விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வரும் புகையிரதம் வடக்கு நிலையத்தைச் சேர்கின்றது. ஐரோப்பாவிலேயே சனநெருக்கடி மிகுந்த நிலையங்களுள் அதுவும் ஒன்று. அதன் அயலிலேதான் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் இருக்கின்றது. பிரயாணக் களைப்பு, கை நிறையப் பெட்டிகள், நம் தமிழைக் காதிலே கேட்டவுடன் உண்டாகும் நிம்மதி, இவை மூன்றும் சேரும் இடம் அது. தமிழ் கேட்குமிடத்தில் பயமில்லை என்று மனம் தளர்ந்துவிடலாகாது. மாணிக்க விநாயகர் ஆலயத் தேரன்று வீதி நிறைந்த கூட்டத்திலே பட்டுச்சேலையும் தங்கச் சங்கிலியும் அணிந்து செல்லும் தாய்மார் இதனை விசேடமாக மனத்திற் கொள்ள வேண்டும்.

இனித் தற்காப்பைக் கூறுவோம். இதற்குப் புதிய கல்வி ஒன்றும் வேண்டியதில்லை. நம் பாட்டிமார் காசைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பிலே செருகினார்கள். அந்த முடிச்சைக் குறிவைத்தமையாலன்றோ முடிச்சுமாறி என்ற பெயரே வந்தது! அவர்களுடைய முறையை நாமும் கைக்கொள்ளலாம்.

முதலாவது, பிரித்து வைத்தல். அன்றைய செலவுக்குரிய காசு ஓரிடத்தில். மிகுதிப் பணமும் இரண்டாவது வங்கி அட்டையும் வேறோரிடத்தில். கடவுச்சீட்டை, உடையின் உள்ளே உடலோடு ஒட்டிக் கட்டும் தட்டையான பையில் வைத்தல் வேண்டும். அதன் பிரதி ஒன்று பெட்டியிலும், இன்னொன்று வீட்டாரிடமும் இருக்கட்டும்.

இரண்டாவது, இடமறிந்து வைத்தல். காற்சட்டையின் பின்பை நமக்குரிய பையன்று. அது பின்னால் நிற்பவனுக்குரிய பை! தோட்பையைக் கூட்டத்திலே முன்புறமாக மாற்றி அணிய வேண்டும். உணவுச்சாலையில் அதன் பட்டியைக் காலிலே மாட்டிக்கொள்ளலாம். புகையிரதத்தில் கதவோரம் நின்று தொலைபேசி பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, தொடாதிருத்தல். ‘முடிச்சுமாறிகள் கவனம்’ என்ற அறிவித்தலைக் கேட்டதும் நம் கை தானாகவே பணம் இருக்கும் இடத்தைத் தடவிப் பார்க்கும். அயலில் நிற்பவனுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேண்டுமா? காசு எடுக்க வேண்டுமானால் கடைக்குள்ளே சுவரோரமாக நின்று எடுங்கள்.

இத்தனையும் செய்தும் இழக்க நேரலாம். அப்பொழுது உடனே வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்த வேண்டும். பொலிஸ் நிலையத்திலே முறைப்பாடு செய்து பற்றுச்சீட்டைத் தவறாமற் பெற வேண்டும். காப்புறுதிக்கும் தூதரகத்துக்கும் அது உதவும். அவசர உதவிக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் 112 என்ற இலக்கம் உண்டு. ஓடுபவனைத் துரத்திச் சென்று ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பணத்தைப் பறிகொடுத்த பெரியவர் பலர், பிள்ளைகள் ஏசுவார்களே என்று அஞ்சி அதனை மறைத்துவிடுகின்றனர். மறைக்கும் ஒவ்வொரு மணிநேரமும் கள்வனுக்கு இலாபம். ஆதலின் உங்கள் அப்பா அம்மா வந்து சொன்னால், “கவனமாய் இருந்திருக்கக் கூடாதா?” என்று கேட்காதீர்கள். “எந்த அட்டை போனது?” என்று கேளுங்கள்.

இன்னுமொன்று. அங்கே களவெடுப்போரிற் சிலர் சிறுமியர். அவர்களை ஏவிவிட்டுப் பணம் சேர்த்த கும்பலின் தலைவனுக்கு 2013இல் பாரிஸ் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. பறிக்கும் அச்சிறு கையும் ஒருவனாற் பறிக்கப்பட்டதே. ஆகையால் ஓர் இனத்தையோ உடையையோ பார்த்து எல்லாரையும் கள்வரென்று எண்ணுதல் தகாது. அந்நிய நாட்டிலே அத்தகைய பார்வையின் சுடுதலை நம்மவரும் அறிவர்.

பையை ஒழுங்காகக் கட்டியவனுக்கு மனம் விடுதலையாகின்றது. அவன் ஒவ்வொரு முகத்தையும் சந்தேகித்துத் திரிய வேண்டியதில்லை. கோபுரத்தை அண்ணாந்து பார்க்கலாம், சித்திரத்தின் முன்னே நெடுநேரம் நிற்கலாம், பேரப்பிள்ளையின் கைபிடித்து நடக்கலாம். போகிறவர்கள் எல்லாரும் கொண்டுபோனதோடு சுகமாய்த் திரும்பி வருக என வாழ்த்தி அமைகின்றோம்.