மென்மை ஒரு குறையா? மா ரமோட்ஸ்வே நாவல்களை முன்வைத்து

யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அப்பெருமகனார் துப்பறியும் கதைகளையும் இலக்கியமாக மதித்துப் படித்தவர். நேரே பொருளுக்கு வருகிறேன்.

1. வழக்கு

அலெக்சாண்டர் மக்கால் ஸ்மித் இன்றைய ஜிம்பாப்வேயிலுள்ள புலவாயோவில் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவச் சட்டப் பேராசிரியராக இருந்தவர். போட்சுவானாவில் சட்டக் கல்வி தொடங்கிய காலத்தில் அங்கே பணியாற்றினார். அவருடைய ‘நம்பர் 1 லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி’ 1998இல் வெளிவந்தது. அந்த வரிசை இன்று இருபது நாவல்களைத் தாண்டிவிட்டது. தலைநகர் கபரோனியில் துப்பறியும் நிலையம் நடத்தும் மா பிரெஷியஸ் ரமோட்ஸ்வேதான் எல்லாவற்றுக்கும் நாயகி (‘மா’ என்பது அங்கே பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்).

இவை பற்றி நம்மிடையே நடந்துவரும் வாதம் உங்களுக்குத் தெரிந்ததே. மனத்துக்கு இதமானவை, படித்தால் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது என்பது ஒரு கட்சி. குற்றமே இல்லாத குற்றக்கதை, சர்க்கரை தூவிய ஆப்பிரிக்கா, புத்தகத்துக்குப் புத்தகம் அதே சிவப்புத் தேநீர், அதே வெள்ளை வேன் என்பது எதிர்க்கட்சி. என் நண்பர்களில் பெரும்பாலோர் இரண்டாவது கட்சியினர். மென்மை என்றால் துன்பத்தைப் பார்க்க மறுப்பது என்று இரு கட்சியாருமே எண்ணுகிறார்கள். முன்னவர் அதற்காகப் பாராட்டுகிறார்கள், பின்னவர் அதற்காகவே பழிக்கிறார்கள். அந்த எண்ணமே பிழை என்பது என் வாதம்.

2. ஓபெட்டின் மாடுகள்

முதல் நாவலின் தொடக்கத்தில் நிலையத்தின் சொத்துப் பட்டியல் வருகிறது: ஒரு சிறு வேன், இரண்டு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தொலைபேசி, ஒரு பழைய தட்டச்சுப் பொறி, ஒரு தேநீர்க் கெண்டி, மூன்று குவளை. நாயகிக்கு ஒன்று, செயலாளருக்கு ஒன்று, வழக்கு கொண்டு வருபவருக்கு ஒன்று. இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ‘இதமான கதை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். இவற்றை வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

நாவலோ உடனே அதைச் சொல்லிவிடுகிறது. தந்தை ஓபெட் ரமோட்ஸ்வே விட்டுச் சென்ற மாடுகளை விற்ற பணம் அது. சாகும் தறுவாயில், மாடுகளை விற்று ஏதேனும் கடை வைத்துக்கொள் என்கிறார். துப்பறியும் நிலையம் வைக்கப்போகிறேன் என்கிறாள் மகள். ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமலே அவர் உயிர் பிரிகிறது.

இரண்டாம் அத்தியாயத்தில் ஆசிரியர் விலகிக்கொள்கிறார், ஓபெட்டே பேசுகிறார். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்தவர் அவர். 1966இல் சுதந்திரம் பெற்றபோது போட்சுவானா உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. ஒராபா வைரப் படிவு கண்டுபிடிக்கப்பட்டதே 1967இல்தான். அக்காலத்தில் ஊர் ஊராக ஆண்கள் ஒப்பந்தக் கூலிகளாக எல்லை கடந்து போனார்கள். பூமிக்கடியில் அவர்களை ஏவுவதற்கு ஃபனகலோ என்றொரு கலப்பு மொழி புழங்கியது. தள்ளு, தூக்கு, சும என்பதற்கெல்லாம் அதில் சொல் உண்டு, அன்பைச் சொல்ல வழியில்லை என்று ஓபெட் கசந்து நினைவுகூர்கிறார். கூலியை மாடாக்குகிறார். நல்ல மாட்டைக் கண்டதும் அறியும் கண் அவருக்கு. மாடு பெருகுகிறது. பாறைத் தூசி நுரையீரலில் தங்கிவிடுகிறது. அந்தத் தூசியே அவரைக் கொல்கிறது.

நண்பர்களே, அந்த மூன்று குவளைகளும் அந்த நுரையீரலின் விலை. மகள் எங்கும் அதைப் புலம்பலாகச் சொல்வதில்லை. அப்பா நல்ல மனிதர் என்று நூல்தோறும் நினைக்கிறாள், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வருகிறதே என்று நீங்கள் சலித்துக்கொள்ளும் அந்த நினைவை நான் திதி கொடுப்பதற்கு ஒப்பிடுவேன். ஆண்டுதோறும் அதே சடங்கு என்று அதை யாரும் குறை சொல்வதில்லை.

அவளுக்கும் துன்பம் புதிதல்ல. நோட் மொகோட்டி என்ற இசைக்காரனை மணந்து அடிபட்டவள், பிறந்த சில நாளில் குழந்தையைப் பறிகொடுத்தவள். அப்படிப்பட்டவள் தன்னிடம் வருபவருக்கு முதலில் தேநீர் ஊற்றுகிறாள் என்றால், அது துன்பம் அறியாதவளின் இனிமை ஆகாது. துன்பம் அறிந்தவள் தேர்ந்துகொண்ட நடத்தை அது.

3. பெயர் சொல்லாத நோய்

எய்ட்ஸ் பற்றி மௌனம் என்பது அடுத்த குற்றச்சாட்டு. அந்நோய் உலகிலேயே மிகக் கடுமையாகத் தாக்கிய நாடுகளில் போட்சுவானாவும் ஒன்று. அரசு 2002இல் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது. நாவல்களிலோ, உதவியாளர் கிரேஸ் மகுட்சி நோயுற்ற சகோதரரைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொள்கிறாள், அவர் இறந்துபோகிறார். நோயின் பெயர் மட்டும் வருவதில்லை. அங்கே அக்கம்பக்கத்தார் அந்நோயைப் பற்றிப் பேசிய விதமே அப்படித்தான், நாவல்களும் அவ்வாறே பேசுகின்றன.

4. யூனிட்டி டவ்

இந்நாவல்கள் குற்றத்தின் கொடுமையை எழுதுவதில்லை என்பதே எதிர்வாதத்தின் வலுவான பகுதி. மா ரமோட்ஸ்வேயின் சொந்த ஊரான மொச்சுடியில் 1994இல் ஒரு பள்ளிச் சிறுமி சடங்குக் கொலைக்குப் பலியானாள், நாடே கொதித்தது. போட்சுவானாவின் முதல் பெண் உயர்நீதிமன்ற நீதிபதி யூனிட்டி டவ், இத்தகைய கொலையை ‘தி ஸ்க்ரீமிங் ஆஃப் தி இன்னசென்ட்’ நாவலில் சமரசமின்றி எழுதினார். மக்கால் ஸ்மித்தின் முதல் நாவலிலும் ஒரு சிறுவன் காணாமல் போகிறான், அதே அச்சம் எழுகிறது. ஆனால் அவன் உயிரோடு மீட்கப்படுகிறான். டவ் குற்றத்தை எழுதினார், இவர் அச்சத்தை எழுதினார். ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ள வேண்டியதில்லை. இரண்டையும் பாடத்திட்டத்தில் அருகருகே வைக்க வேண்டும்.

5. இனிச் செய்ய வேண்டியவை

நேரம் குறைவு, குறிப்பாகச் சொல்கிறேன். கபரோனி வாசகர்கள் இந்நாவல்களை எப்படி ஏற்கிறார்கள் என்று நேரில் கேட்டு ஆராய வேண்டும். திரைப்பட இயக்குநர் ஆந்தனி மிங்கெல்லா போட்சுவானாவிலேயே படமாக்கிய தொலைக்காட்சி வடிவத்தை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். போட்சுவானாவின் செரோவேயில் வாழ்ந்து எழுதிய பெஸ்ஸி ஹெட்டின் கதைகளோடும், மைக்கேல் ஸ்டான்லியின் குபு துப்பறியும் நாவல் வரிசையோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். பிற்கால நாவல்களில் வழக்குகள் இளைத்துப்போவதும் தனி ஆய்வுக்குரியது. அந்தத் தளர்ச்சி உண்மை, அதை நான் மறுக்கவில்லை.

இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மென்மையான நூல் என்றதும் எளிய நூல் என்று ஒதுக்காதீர்கள். முதல் நாவலின் இரண்டாம் அத்தியாயத்தை முழுதாகப் படியுங்கள். அதன்பின் மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.