கடல் ஏறி வந்ததும் கர்ம பலனா?

(திருக்கடையூர் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இவ்வூர் எமனையே உதைத்த ஊர் என்று சொல்லப்படுகிறது. மார்க்கண்டனுக்காகச் சிவபெருமான் காலனைக் காலால் உதைத்தாராம். அதை நம்பித்தான் 60 வயதிலும் 80 வயதிலும் ஆயுள் விருத்திக்கென்று எங்கெங்கிருந்தோ வந்து இங்கே மறுபடியும் தாலி கட்டிக் கொள்ளுகிறார்கள். ஆனால் 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி, சில மைல் தூரத்திலுள்ள தரங்கம்பாடியிலும் அதற்குத் தெற்கே நாகப்பட்டினத்திலும் கடல் ஏறி வந்தபோது உதைபட்டது எமனல்ல. கடலை நம்பிப் பிழைத்த ஏழை மக்களேயாவார்கள். அன்றைய நாகை ஜில்லாவில் மாத்திரம் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஏன் என்று கேட்டால், "அவரவர் கர்மம்" என்கிறார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தை என்ன கர்மம் செய்தது? போன ஜென்மத்தில் செய்தது என்பார்கள். அதைப் பார்த்தவர் யார்?

இது புதுப் பேச்சல்ல. 1934 ஜனவரி 15-ல் பீகாரில் பூகம்பம் உண்டானபோது, தீண்டாமைப் பாவத்திற்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று காந்தியார் அதே மாதம் திருநெல்வேலியில் பேசினார். தீண்டாமை கொடியது என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் தீண்டப்படாதவனும் சேர்ந்தல்லவா செத்தான்! இது என்ன நீதி? கவி தாகூரே இதை மறுத்தெழுதினார்.

இனி, புத்தர் சொன்னதென்ன? ராஜராஜ சோழன் காலத்திலே ஸ்ரீவிஜய ராஜா நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். ஆகையால் புத்தர் பேச்சு நமக்கு அந்நியச் சரக்கல்ல. மனிதன் படும் சுகதுக்கமெல்லாம் முன்வினைதானா என்று சீவகர் என்ற துறவி கேட்டார். இல்லை என்றார் புத்தர். பித்தம், சிலேத்துமம், வாயு, பருவ மாறுதல் என்று எட்டுக் காரணங்களை எண்ணிச் சொன்னார். முன்வினை அவற்றில் ஒன்று, அவ்வளவே. எல்லாமே முன்வினை என்பவர்கள் உலகம் கண்ணால் கண்டதையும் மீறிப் பேசுகிறார்கள் என்றார். இந்திர விழாவை மறந்ததால் பூம்புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலையில் இருக்கிறதே என்பீர்கள். பௌத்த நூலில் இருந்தாலும் அது கட்டுக்கதைதான். நூலில் இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பாதீர்கள் என்று காலாமர்களுக்குச் சொன்னவரும் புத்தரே.

செத்த பிள்ளையைத் தூக்கிக் கொண்டு வந்த கிசா கோதமியிடம் அவர் எமனை உதைக்கிறேன் என்று சொல்லவில்லை. சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்றார். அவள் வீடு வீடாய்ப் போய் உண்மையை உணர்ந்தாள். உள்ளதை உள்ளபடி அறிந்து ஏற்றுக் கொள்ளுவது வேறு. தலைவிதி என்று கையைக் கட்டிக் கொண்டிருப்பது வேறு.

2004-ல் உண்மையில் நடந்ததென்ன? சுமத்ரா தீவுக்கருகே கடலடியில் பூமி பிளந்தது காலை ஆறரை மணிக்கு. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவ்வளவு நேரமிருந்தும், ஓடு என்று சொல்ல ஓர் ஏற்பாடில்லை. சாவுக்குக் காரணம் இதுதான், கர்மமல்ல. 2007-ல் ஹைதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் வைத்தார்கள். அதை வைத்தது மனிதன் அறிவு; எந்த அபிஷேகமும் அல்ல.

இன்னொன்று. அலை ஜாதி பார்க்கவில்லை. பிறகு வந்த நிவாரணம் ஜாதி பார்த்தது. முகாம்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஒதுக்கியதும், தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்ததும் அப்போதே பத்திரிகைகளில் வெளிவந்தன. பூமி அசைவதை நம்மால் தடுக்க முடியாது. ஏற்றுக் கொள்ளத்தான் வேண்டும். இந்த அக்கிரமத்தையும் ஏற்றுக் கொள்ளச் சொன்னால், அது பௌத்தமுமல்ல, அறிவுமல்ல.

ஆகவே தோழர்களே! இயற்கை செய்வதை அறிந்து கொள்ளுங்கள். மனிதன் செய்வதை மாற்றுங்கள். இரண்டையும் கர்மம் என்ற ஒரே மூட்டையில் கட்டித் தலையில் சுமக்காதீர்கள் என்று கேட்டுக் கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.