கண்ணி வைத்தவரும் கறி தின்றவரும்



நினைவுச் சொற்பொழிவென்றால் இலக்கியம் பேசுவார்கள், அரசியல் பேசுவார்கள். இவர் கவுதாரி, காடை பற்றிப் பேச வருகிறாரே என்று மாணவர்கள் சிலர் கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். ஒரு பறவையை யார் பிடிக்கலாம், யார் பிடிக்கக் கூடாது என்று ஒரு சமூகம் வகுத்திருக்கிற விதியைப் பார்த்தாலே அங்கே யாருக்கு மதிப்பு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது தெரிந்துவிடும். அண்ணல் அம்பேத்கர் தீண்டப்படாதார் பற்றி 1948இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் தீண்டப்படாதார், பழங்குடிகள், குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டோர் ஆகிய மூன்று மக்கள் கூட்டங்களையும் ஒருசேர வைத்துப் பேசுகிறார். இப்படி மூன்று கூட்டங்களை உண்டாக்கிய ஒன்றை நாகரிகம் என்று சொல்ல முடியுமா என்பது அவர் எழுப்பும் கேள்வி. இன்றைக்கு நான் பேசப்போவது அந்த வரிசையில் பின்னால் நிற்கிற மக்களைப் பற்றி. அதனால் இது நம் மேடைக்கு உரிய பேச்சுதான்.

முதலில் தொழிலைத் தெரிந்துகொள்வோம். கவுதாரி ஆண் தன் எல்லையை விட்டுக்கொடுக்காது. விடியற்காலையில் இன்னொரு ஆணின் குரல் கேட்டால் சண்டைக்கு ஓடிவரும். இதை அறிந்தவர்கள் பழக்கிய கவுதாரி ஒன்றைக் கூண்டில் வைத்துப் புதர்க்காட்டில் இறக்கி, சுற்றிலும் சிறு குச்சிகளில் கண்ணி வரிசை நட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். கூண்டுப் பறவை கூவும், காட்டுப் பறவை பதில் சொல்லிக்கொண்டே வரும், கால் சுருக்கில் மாட்டும். ஒருகாலத்தில் குதிரை மயிரில் திரித்த கண்ணி, இன்று நைலான். காடை வேறு மாதிரி. ஆபத்தென்றால் உடனே பறக்காது, தரையோடு தரையாக நடந்து நழுவப் பார்க்கும். அதனால் அறுத்த வயலில் ஒரு பக்கம் தாழ்வாக வலையைக் கட்டி, மறுபக்கத்திலிருந்து மெல்ல ஓட்டிவருவார்கள். ஆல், அரசு மரப்பாலில் செய்த பிசினைக் குச்சியில் தடவிச் சிறு பறவைகளைப் பிடிக்கிற முறையும் உண்டு.

எந்தப் பறவை எந்த மாதத்தில் வரும், எப்போது முட்டையிடும், எந்தக் குரலுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் எழுத்தில் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவு. தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தின் பெயரே குருவிக்காரர். பறவையைப் பெயரிலேயே சுமக்கிற அந்த மக்களுக்கு அந்தப் பெயரே இன்று தெருவில் வசவாகியிருக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்தப் பறவைகளுக்குக் ‘கேம் பேர்ட்ஸ்’ என்று பெயர். ‘கேம்’ என்றால் விளையாட்டு. பொழுதுபோக்குக்குக் கொன்றவர் விளையாட்டு வீரர், வயிற்றுக்குப் பிடித்தவர் திருடர். இந்தப் பிரிவினையின் மேல்தான் காலனிய வேட்டைச் சட்டங்கள் எழுந்தன. 1879இல் நீலகிரிக்கென்று ஒரு வேட்டைச் சட்டம், 1887இல் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டம், 1912இல் நாடு தழுவிய காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம். உரிமம், வேட்டைப் பருவம், தடைப் பருவம் என்ற சொற்களெல்லாம் இந்த வழியில் வந்தவை. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் தங்கள் வேட்டைக்குப் பறவை மிச்சமிருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்ட விதிகள் இவை.

இதே காலத்தில்தான் இன்னொரு சட்டமும் வளர்ந்தது. 1871இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பட்டியலிடப்பட்டன. ஊர் விட்டு ஊர் போவதே சந்தேகத்துக்குரிய செயலாயிற்று. 1952 ஆகஸ்ட் 31 அன்று அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் அது ஒழிவதற்கு முன்பே, 1948இல், சென்னையில் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. பெயர் மாறியது, காவல் நிலையத்தின் பார்வை மாறவில்லை.

மேலே இருந்தவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? 1938 நவம்பர் 12 அன்று பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவின் வேட்டைக் குழு ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டது. அந்தக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கல் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த இடம் 1982இல் தேசியப் பூங்காவானது. அதே ஆண்டு, மாடு மேய்க்கத் தடை விதிக்கப்பட்டதை எதிர்த்த கிராமத்து மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கில் சுட்டவர்களுக்குக் கல்வெட்டு, மாடு மேய்த்தவர்களுக்குக் குண்டு.

1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்கூட முதலில் வேட்டையை முழுதாகத் தடுக்கவில்லை. பெரு வேட்டை, சிறு வேட்டை என்று உரிமங்களை வகுத்தது. கவுதாரியும் காடையும் சிறு வேட்டைப் பட்டியலில் இருந்தன. பொறிவைத்துப் பிடிக்கவும் தனி உரிமம் ஏட்டில் இருந்தது. ஊர் ஊராக அலைந்த, எழுதப் படிக்க வாய்ப்பில்லாத மக்களில் எத்தனை பேர் வன அலுவலகத்தில் படிவம் நிரப்பியிருப்பார்கள்? 1991 திருத்தம் வேட்டை உரிமங்களை ஒழித்தது. 2022 திருத்தம் அட்டவணைகளை மாற்றி அமைத்து அபராதத்தையும் உயர்த்தியது.

இன்றைய நிலையைத் தெளிவாகச் சொல்கிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்தின்படி ‘வேட்டை’ என்பதற்குள் கண்ணி வைப்பது, பொறி வைப்பது, அதற்கு முயல்வது எல்லாம் அடக்கம். பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடக்கம். ‘ஆயுதம்’ என்பதற்குள் வலையும் கண்ணியும் வருகின்றன. பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை உயிரினமென்றால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. பறிமுதலான வலையும் வண்டியும் அரசுக்குச் சொந்தமாகிவிடும்.

இன்னும் இரண்டு பிரிவுகள் முக்கியமானவை. 57ஆவது பிரிவின்படி, ஒருவரிடம் பறவையோ இறைச்சியோ இருந்தது என்று நிறுவப்பட்டால், அது சட்டவிரோதமானதல்ல என்று அவரே நிரூபிக்க வேண்டும். 50ஆவது பிரிவின்படி, உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் நீதிமன்றத்தில் ஏற்கத்தக்கது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று நாம் படித்திருக்கிறோம். அதை நம்பி வன அலுவலகத்திலும் வாயைத் திறந்தால் போதும், வழக்கு முடிந்துவிடும்.

2006 வன உரிமைச் சட்டம் கை கொடுக்குமா? கொடுக்காது. காட்டை நம்பி வாழ்வோரின் மரபுரிமைகளையெல்லாம் ஏற்றுக்கொண்ட அந்தச் சட்டம், வேட்டையாடுவதையும் பொறிவைத்துப் பிடிப்பதையும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. 1972 சட்டம் நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு மட்டும் வேட்டை உரிமையைக் காக்கிறது. தமிழ்நாட்டில் யாருக்கும் அப்படியொரு விலக்கு இல்லை.

அப்படியானால் கண்ணி வைக்க உரிமை கேட்கலாமா? நான் அப்படிக் கேட்க மாட்டேன். குதிரை மயிர்க் கண்ணியின் காலம் போய்விட்டது. நைலான் வலையில் கவுதாரியோடு ஆந்தையும் மாட்டும். அலைபேசியில் பதிந்த காடைக் குரலை இரவெல்லாம் ஒலிக்க விட்டால் நூற்றுக்கணக்கில் இறங்கும். புதர்க்காடுகள் மனைகளாகிவிட்டன, வயலில் பூச்சிமருந்து. பறவைக்கு ஒதுங்க இடமில்லை. மரபு என்ற சொல்லைச் சொல்லி இதை நியாயப்படுத்துவது நமக்கு அழகல்ல. மரபு என்ற சொல்லால் அதிகம் அடிபட்டவர்கள் நாம்தானே!

நான் கேட்பது வேறு. சட்டம் எழுதியிருக்கிறபடி முழுதாக நடக்கட்டும். காட்டுப் பறவையை வாங்குவதும் குற்றம். உரிமமின்றி உணவு விடுதியில் அந்தக் கறியைச் சமைப்பதையும் பரிமாறுவதையும் 44ஆவது பிரிவு பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆனால் செய்தித்தாளில் வரும் படத்தைப் பாருங்கள். தரையில் வரிசையாகப் பறவைகள், பின்னால் தலைகுனிந்து நிற்கும் இரண்டு மூன்று பேர், பக்கத்தில் சீருடை. யார் முன்பணம் கொடுத்தார், எந்தத் தோட்ட வீட்டு விருந்துக்குப் போகவிருந்தது, எந்தச் சாலையோர விடுதியில் கேட்டு வைத்திருந்தார்கள் என்று அந்தச் செய்தி சொல்லாது. கண்ணி வைத்தவர் குற்றவாளி, கறி தின்றவர் ஊர்ப் பெரியவர். 1887இலிருந்து 2022 வரை சட்டத்தின் எழுத்து எத்தனையோ முறை மாறியும் இந்த இடம் மட்டும் மாறவேயில்லை.

இரண்டாவது கேள்வி, அந்த அறிவு என்ன ஆவது என்பது. பாம்புத் தோல் வணிகம் தடைபட்டபோது இருளர்கள் வாழ்வு இழந்தார்கள். 1978இல் அவர்களுக்கென்று பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சென்னைக்கு அருகே உருவானது. பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கோடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டபோது, வலைவிரித்துப் பறவைகளைக் காயமின்றிப் பிடித்துக் கொடுத்தவர்கள் பீகாரின் மீர்சிகார் சமூகத்தார். அறிவியல் ஆய்வுக்காகப் பிடிக்க 12ஆவது பிரிவு அனுமதி தருகிறது. அப்படியானால் கை அதே கை, வலை அதே வலை. அனுமதித் தாள் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் வேறுபாடு. பறவைக் கணக்கெடுப்பிலும் சரணாலயக் காவலிலும் ஆய்விலும் இந்தச் சமூகங்களின் இளைஞர்களுக்கு ஊதியத்தோடு வேலை கேட்போம். நாள்கூலி ‘உதவியாளர்’ வேலை போதாது, ஆய்வறிக்கையில் அவர்கள் பெயரும் இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, நாம் உடனே செய்யக்கூடியவை. 2023 ஜனவரியில் நரிக்குறவரும் குருவிக்காரரும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் போதாது, கையில் சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு நம் மாணவர்கள் மனு எழுதிக் கொடுக்க முடியும். 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. பிடிபட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பொய் வழக்கு போட்டால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவற்றை அந்தக் குடியிருப்புகளில் போய்ச் சொல்ல நமக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தோழர்களே, நம்மில் பலருடைய பாட்டன் பூட்டனும் வயலில் காடை பிடித்துச் சுட்டுத் தின்றவர்கள்தான். ஆண்டைக்கு அது ருசி, நமக்கு அது பசி. அந்தப் பசியை ஓரளவு தாண்டி இந்த அரங்கத்தில் உட்கார்ந்திருக்கிற நாம், இன்னும் தாண்டாதவர்கள் கைதாகும்போது காவல் நிலைய வாசலிலும் வன அலுவலக வாசலிலும் நிற்க வேண்டும். நிற்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்போம். பிடித்தவரைக் காட்டுகிறீர்கள், வாங்கியவர் எங்கே? வலையைப் பறித்தீர்கள், பதிலுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்?