நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது

(தொழிலாளர் அரசியல் வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



போன வகுப்பு முடிந்ததும் ஒரு தோழர் கேட்டார்: "ஜப்பானில் கோர்ட்டுக்குப் போகிற வழக்கில் 100-க்கு 99-க்கு மேல் தண்டனையில் முடிகிறதாமே, அங்கே நீதிபதிகள் எல்லாரும் போலீஸ் ஆட்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் நீதிபதியின் நாற்காலியை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. கோர்ட்டுக்கு முன்னால் ஒரு வாசல் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் சர்க்கார் வழக்கறிஞர். ஒருவர் மீது வழக்குத் தொடரும் அதிகாரம் அவர் கையில்தான். போலீசுக்கு இல்லை, அடிபட்டவனுக்கும் இல்லை.

அவர்கள் எத்தனை பேர்? ஜனத்தொகை 12 கோடிக்கு மேல். போலீசார் இரண்டரை லட்சத்துக்கு மேல். இந்த வழக்கறிஞர்களோ சுமார் 2,000. உதவி வழக்கறிஞர்களைச் சேர்த்தாலும் 3,000-ஐ எட்டாது. இறைக்க ஆள் இல்லாதவன் வயல் முழுவதற்கும் தண்ணீர் பாய்ச்ச மாட்டான். தேறுகிற பாத்திக்குத்தான் பாய்ச்சுவான். 1948-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 248-வது பிரிவு இதற்கு வழிவிடுகிறது. வயது, குணம், குற்றத்தின் தன்மை, பிறகு நடந்துகொண்ட விதம் எல்லாம் பார்த்து வழக்கே போடாமல் விட்டுவிடலாம். வாசலுக்கு வருகிறவர்களில் சுமாராக மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் வழக்கு. அதிலும் பெரும்பகுதி விசாரணையில்லாமல், காகிதத்திலேயே அபராதம் போட்டு முடிந்துவிடும். தோற்கக்கூடிய வழக்கு கோர்ட்டுப் படியேறுவது அபூர்வம். ராம்சேயர், ராஸ்முசன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்களும் 2001-ல் ஏறக்குறைய இதையே வாதிட்டார்கள்.

இதில் நன்மையே இல்லையா? உண்டு. பசிக்குத் திருடிய கிழவியைத் திட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஆனால் அவள் முதலில் தலைகுனிந்து "நான்தான் செய்தேன்" என்று சொல்லியாக வேண்டும். கதை இங்கேதான் திரும்புகிறது.

ஆள் குறைந்த இலாகாவுக்கு மிக மலிவான சாட்சியம் எது? குற்றவாளியின் வாக்குமூலம். கைது செய்தால் 23 நாள் வரை வழக்குப் போடாமலே காவலில் வைக்கலாம். அதுவரை ஜாமீன் என்ற பேச்சே கிடையாது. விசாரிக்கிற அறைக்குள் வக்கீல் உடன் இருக்க முடியாது. வழக்குப் போட்ட பிறகும், மறுக்கிறவனுக்கு ஜாமீன் கிடைப்பது கஷ்டம். ஜப்பானிய வக்கீல்களே இதற்குப் 'பணயக் கைதி நீதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாக்குமூலத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 38-வது ஷரத்து சொல்லத்தான் சொல்கிறது!

தோற்கப் பயந்தால் பெரிய இடத்து வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும். 2011-ல் புகுஷிமா அணுமின் நிலையம் வெடித்தது. கம்பெனித் தலைவர்கள் மீது வழக்கில்லை என்று வழக்கறிஞர்கள் இருமுறை கைவிரித்தார்கள். சீட்டுக் குலுக்கி எடுத்த 11 பொதுஜனங்கள் கொண்ட மறுபரிசீலனைக் குழு பிடிவாதமாக நின்றதால், 2016-ல் மூவர் மீது வழக்கு வந்தது. 2019-ல் மூவரும் விடுதலை.

தொழிலாளிக்கு நேர்ந்தது வேறு. இவாவோ ஹகமாடா, ஷிசுவோகா மாகாணத்தில் சோயா விழுது செய்யும் ஆலையில் வேலை பார்த்தவர்; முன்னாள் குத்துச்சண்டை வீரர். 1966-ல் ஆலை நிர்வாகியின் குடும்பத்தில் நால்வர் கொல்லப்பட்டார்கள். இவரைப் பிடித்து, நாளுக்குச் சராசரி 12 மணி நேரம் உலுக்கினார்கள். கெடு முடியச் சில நாளே இருக்கும்போது 'ஒப்புக்கொண்டார்'. கோர்ட்டில் மறுத்தார். வாக்குமூலங்கள் 45. நீதிபதிகள் 44-ஐத் தள்ளிவிட்டு, ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டு 1968-ல் மரண தண்டனை விதித்தார்கள். ஆக, நம் தோழர் நீதிபதிகளைச் சந்தேகித்ததும் முழுத் தவறல்ல. அந்த மூவரில் ஒருவரே, அவர் நிரபராதி என்றுதான் நம்பினேன் என்று 2007-ல் வெளியே சொன்னார்.

2014-ல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு அவரை வெளியே விட்டது கோர்ட்டு. 47 ஆண்டுகளுக்கு மேல் சிறை! வழக்கறிஞர்கள் அந்த உத்தரவை எதிர்த்தார்கள். அது உறுதியாவதற்கே 2023 ஆயிற்று. ஆள் பற்றாத இலாகா, தோழர்களே, இந்த ஒன்பது ஆண்டு எதிர்ப்புக்கு மட்டும் ஆள் கிடைத்தது.

2024 செப்டம்பரில் ஹகமாடா நிரபராதி என்று தீர்ப்பாயிற்று. புலன் விசாரித்தவர்கள் சாட்சியங்களை ஜோடித்தார்கள் என்றது கோர்ட்டு. அப்போது அவருக்கு வயது 88. அடுத்த ஆண்டு நஷ்டஈடு கொடுத்தார்கள்: சிறையில் கழித்த நாள் ஒன்றுக்கு 12,500 யென். சட்டத்தில் உள்ள உச்ச வரம்பு அவ்வளவுதான்.