கணக்கரும் கணக்காயரும்

(விக்கிரமசிங்கபுரத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொதிய மலையின் அடியில், பொருநையாறு மலையிறங்கிச் சமநிலம் சேருமிடத்தில் அமைந்த ஊர் இவ் விக்கிரமசிங்கபுரம். இவ்வூரை உலகுக்கு அறிவித்தவை இரண்டு. ஒன்று ஆலை; மற்றொன்று ஓலை.

1880-களில் ஆர்வி உடன்பிறந்தார் இருவர், ஆற்றின் நீர்விசையை நம்பி ஈண்டு நூற்பாலை நிறுவினர். அன்றுதொட்டு ஆலைச் சங்கு கேட்டு உலை வைத்த வீடுகள் பல. ஆலை வந்தது, கூலி வந்தது, கூரை வீடு ஓட்டு வீடாயிற்று. அதனை மறுப்பார் யாருமிலர்.

ஆனால், ஆலை வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இவ்வூர் ஓலையால் புகழ்பெற்றது. மாதவச் சிவஞான முனிவர் பிறந்த மண் இது. முக்களாலிங்கர் என்னும் பிள்ளைப் பெயரோடு இத்தெருக்களில் நடந்த சிறுவர், திருவாவடுதுறை சென்று கற்று, மாபாடியம் வரைந்தார். நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய விருத்தியைத் திருத்திப் புதுக்கினார். கச்சியப்ப முனிவர் முதலிய மாணவரை உருவாக்கினார். 1785-இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற செல்வம் பொன்னன்று, நிலமன்று, நூலும் மாணவருமே.

இவ்விரண்டிற்கும் இடையே நின்றுதான் இற்றை இளைஞன் ஒருவன் தயங்குகிறான். குழுமம் ஒன்றில் கணக்கெழுதும் வேலை. திங்கள் முடிந்தால் தவறாத சம்பளம். அவன் உள்ளமோ பள்ளிக்கூடத்தை நாடுகிறது. வீட்டிலே சொன்னால் என்ன விடை வருகிறது? “ஏலே, கம்பெனி வேலைய விட்டுட்டு வாத்தியார் வேலைக்கா போற?” என்று பெரியவர் கேட்கின்றார். அக்கேள்வியை இகழ்ந்து ஒதுக்குதல் கூடாது. வறுமையை அறிந்த வாயிலிருந்து வரும் கேள்வி அது. அதற்கு நேர்மையான விடை தேடுதலே இப்பொழிவின் நோக்கம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். ‘கணக்கு’ என்பது இன்று வரவு செலவு என்னும் ஒரே பொருளில் சுருங்கிக் கிடக்கின்றது. பண்டைத் தமிழிலோ அது எண்ணையும் குறித்தது, எழுத்தையும் குறித்தது, நூலையும் குறித்தது. பதினெண்கீழ்க்கணக்கு என்னும் பெயரே சான்று. வரவு செலவு எழுதுவோன் கணக்கன். நூல் கற்பிப்போன் கணக்காயன். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று சங்கப் புலவரைத் தந்தையின் தொழிலால் சுட்டினர் நம் முன்னோர். ஆசிரியர் அற்ற ஊரை, நன்மை தராத மூன்றனுள் ஒன்றாகத் திரிகடுகம் எண்ணுகிறது. ஆகவே, கணக்கன் கணக்காயன் ஆதல் வேற்றுத் துறைக்குத் தாவுதல் அன்று. ஒரே வேரினின்று கிளைத்த இரு சொற்களுள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நடத்தலே ஆகும்.

அங்ஙனம் நடந்து காட்டியவர் ஒருவர் உண்டு. அவரே தமிழ்த்தென்றல் திரு.வி.கலியாணசுந்தரனார்.

திரு.வி.க. 26-8-1883 அன்று சென்னையை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையில் நோயுற்றுக் கைகால் முடங்கியதால் படிப்பு சில ஆண்டுகள் தடைப்பட்டது. பின்னர் இராயப்பேட்டை வெசுலிப் பள்ளியில் யாழ்ப்பாணத்துக் கதிரைவேற் பிள்ளையிடம் தமிழ் பயின்றார். அவ்வாசிரியர்மீது வழக்கு வந்தபோது, 1904-இல், சான்று கூறச் சென்றமையால் பள்ளியிறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. ஆசிரியரா, தேர்வா என்ற நிலையில் ஆசிரியரையே தேர்ந்தார் மாணவர். பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது.

பட்டமில்லாத இளைஞர்க்குச் சென்னையில் கிடைத்தது இசுபென்சர் குழுமத்தில் கணக்கர் வேலை. வெள்ளையரின் பெருவணிக நிலையம் அது. அக்காலத்தில் அத்தகைய இடத்தில் நாற்காலி பெறுதல் எளிதன்று. ஆயின், காலம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 1907-இல் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய பொழிவுகள் இளைஞரை உலுக்கின. உள்நாட்டுப் பொருளையே கொள்ளல் வேண்டும் என்னும் உணர்வு பரவிற்று. அவ்வுணர்வை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அயல்நாட்டுப் பண்டம் விற்கும் குழுமத்தின் ஏட்டில் கணக்கெழுதுதல் திரு.வி.க.வுக்கு ஒவ்வாதாயிற்று. வேலையை விட்டார்.

விட்ட பின் அவர் சேர்ந்த இடம் யாது? ஆயிரம் விளக்கிலிருந்த வெசுலியன் பள்ளி. ஏறத்தாழ ஆறாண்டு அங்கே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அதன்பின் இராயப்பேட்டை வெசுலிக் கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியரானார். எப்பள்ளியின் இறுதித் தேர்வை எழுதாமல் விட்டாரோ, அதே நிலையத்தாரிடத்தே தமிழுக்குத் தலைமை ஏற்றார். அவர் வாழ்வில் இஃது ஒரு பெரும் நிகழ்ச்சி.

ஈண்டு மூன்று செய்திகளை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

முதலாவது: அவர் வேலையை விட்ட அன்றே ஆசிரியர் ஆகிவிடவில்லை. கற்பிக்கத் தகுதியாகும் முன்னரே பல்லாண்டு கற்றிருந்தார். கதிரைவேற் பிள்ளை 1907-இல் மறைந்த பின்னரும் அவர் கல்வி நிற்கவில்லை. மயிலைத் தணிகாசல முதலியாரிடம் தமிழும் சிவநெறி நூல்களும் பயின்றார். பகலில் கணக்கர், மற்றைப் பொழுதில் மாணவர். மாணவனாக இருக்கத் தெரியாதவன் ஆசிரியனாக இருக்க வல்லன் அல்லன்.

இரண்டாவது: அவர் சென்ற பள்ளியும் அயல்நாட்டுச் சமயத்தார் நடத்தியதே. கட்டடம் யாருடையது என்று அவர் நோக்கவில்லை. வகுப்பறையுள் நிகழ்வது யாது என்று நோக்கினார். அங்கே அமர்ந்திருந்தோர் தமிழ்ப்பிள்ளைகள். கற்பித்த பாடம் தமிழ். குழுமத்தில் அவர் எழுதிய கணக்கு முதலாளிக்குச் சேர்ந்தது. பள்ளியில் அவர் ஒப்புவித்த கணக்கு பிள்ளைகளுக்குச் சேர்ந்தது. வேலை மாற்றத்தின் உயிர்நிலை இதுவே. ‘எவ்வளவு பெறுகிறோம்’ என்பதினும் ‘யாருக்குக் கணக்குக் கொடுக்கிறோம்’ என்பதே பெரிது.

மூன்றாவது: குழுமத்தில் கழித்த காலம் அவர்க்கு வீணாகவில்லை. வேலைக்காரன் நிலை யாது, மேலதிகாரியின் சொல் எவ்வாறு சுடும் என்பதை அங்கே அறிந்தார். 1917-இன் இறுதியில் கல்லூரியையும் விட்டுத் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். 27-4-1918 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது, வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத்தலைவருள் ஒருவராகவும் நின்றனர். பக்கிங்காம், கருநாடக ஆலைத் தொழிலாளர்முன் எழுந்து, அவர்கள் உரிமையை அவர்கள் மொழியிலேயே விளக்கினார். இப்பொருநைக்கரை ஆலையார்க்கே உரிய தூத்துக்குடிப் பவள ஆலையில், 1908-இல், சிதம்பரனாரும் சிவாவும் தொழிலாளர்க்குத் தமிழில் எடுத்துரைத்துப் போராட்டத்தை வெற்றிகாணச் செய்தது போன்ற பணி அது. கற்பிக்கப் பயின்ற நா அன்று ஆலை வாயிலிலும் கற்பித்தது.

திரு.வி.க. தனித்தமிழ் நெறியில் முற்றும் நின்றவர் அல்லர். ஆயினும், ஆங்கிலமே மேடையேறிய காலத்தில் நல்ல தமிழை மேடைக்கும் நாளிதழுக்கும் உரியதாக்கியவர் அவர். அத்தமிழ் உருவான பட்டறைகளுள் வகுப்பறையும் ஒன்று என்பதை மறத்தல் ஆகாது.

இன்னொருவரையும் எண்ணுதல் தகும். மனோன்மணீயம் சுந்தரனார் 1877-இல் நெல்லையில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். திருவனந்தபுரம் சென்று கல்லூரியில் கற்பித்தவர். இடையே திருவிதாங்கூர் அரசின் வருவாய்த் துறையில் உயர்பணி வந்தது, ஏற்றார். ஆனால் 1885-இல் மெய்யியல் பேராசிரியர் பணி மீண்டும் வாய்த்தபோது, அரசு அலுவலை விட்டு வகுப்பறைக்கே திரும்பினார். 1891-இல் மனோன்மணீயம் வெளிவந்தது. 1897-இல், நாற்பத்திரண்டு அகவையளவில், மறைந்தார். வருவாய்த் துறையில் அவர் இட்ட கையெழுத்துகளை இன்று தேடுவார் யாருமிலர். அவர் பாடலின் பகுதியோ 1970 முதல் தமிழ்நாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஒலிக்கின்றது. 1990 முதல் நெல்லைப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி, அத்தயங்கும் இளைஞனிடம் திரும்புவோம். அவனுக்கு வெறும் புகழுரை போதாது. வழியும் கூறுதல் வேண்டும்.

திரு.வி.க. காலத்தில் புலமை ஒன்றே வாயிலைத் திறந்தது. இன்றோ சான்றிதழும் வேண்டும். கல்வியியல் பட்டமாகிய பி.எட். படிப்பு, ஓராண்டாக இருந்தது, 2015-16 கல்வியாண்டு முதல் ஈராண்டாக நீண்டது. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் வழியே ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. தமிழ்நாட்டில் முதன்முதல் 2012-இல் நடந்தது. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு முதல் தாள். ஆறு முதல் எட்டு வகுப்புக்கு இரண்டாம் தாள். தாளுக்கு 150 வினாக்கள். அதில் தேறினாலே அரசுப் பணி வந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. தேறிய பின்னும் காத்திருப்போர் பலர். அதுகாறும் தனியார் பள்ளியில் குறைந்த கூலிக்கு நிற்க நேரலாம். இழப்பு மெய், அதனை மறைத்துப் பேசுதல் இளைஞனை ஏமாற்றுதலாகும்.

ஆகவே, சினத்தால் வேலையை விடாதே, சலிப்பால் விடாதே. மேலாளர்மீது கொண்ட வெறுப்பு ஒருவனை வாயில்வரை தள்ளும். வகுப்பறைக்குள் நாற்பது பிள்ளைகள்முன் நிறுத்தாது. வேலையில் இருக்கும்போதே மாலையில் தெருப்பிள்ளைகள் நால்வரை அமர்த்திக் கற்பித்துப் பார். ஒரே சொல்லை ஏழாம் முறை விளக்கும்போதும் முகம் சுளியாமல் இருக்கின்றாயா? அப்பிள்ளைக்கு விளங்கிய நொடியில் உன் உள்ளம் குளிர்கின்றதா? ஆம் எனின் நீ கணக்காயன். இல்லையெனின், நல்ல கணக்கனாகவே இரு, அதிலும் இழுக்கில்லை. ஓராண்டுக் குடும்பச் செலவைச் சேர்த்து வை. பெற்றோரிடமும் இல்லாளிடமும் உண்மையைக் கூறி இசைவு பெறு. அதன்பின் விடு.

ஊராருக்கும் ஒரு சொல் உண்டு. நல்ல சம்பளத்தை விட்டு வந்து கற்பிப்பவனைப் ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்று பழித்தல் வேண்டா. அவன் பிழைக்கத் தெரியாதவன் அல்லன். பிறர் பிள்ளைகள் பிழைக்க வந்தவன். கணக்கும் அறிவியலும் நல்ல தமிழில் சொல்லித்தர ஆளில்லை என்று குறைகூறிக்கொண்டே, அதற்கென வருகின்றவனை எள்ளி நகையாடுதல் எவ்வகை முறை? மொழி ஏட்டிலே மட்டும் வாழாது. ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் செல்லும்வரைதான் வாழும். அவ்வாய் ஆசிரியனின் வாய்.

ஆலைப் பேரேட்டில் இவ்வூரார் பெயர் ஆயிரக்கணக்கில் பதிந்திருக்கும். அவை இழிவான பெயர்கள் அல்ல. உழைத்து மக்களைப் படிக்கவைத்த பெயர்கள். அவ்வுழைப்பால் படித்த பிள்ளைகளுள் ஒருவன், ஓலை வளர்த்த முனிவரின் ஊரில் பிறந்தவன், கற்பிக்க எழுவானாயின், ஆலைக்கும் ஓலைக்கும் செலுத்தவேண்டிய கடன் இரண்டும் ஒருங்கே தீரும்.

அவன் எழுக! ஊர் அவனைத் தாங்குக! வாழ்க தமிழ்!