பழசு ரெண்டு இருந்தா பயம் ஒண்ணும் இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கல்லாவை மகன்கிட்ட ஒப்படைச்சுட்டு நம்பிக்கையோட இங்க வந்து உட்கார்ந்திருக்கிற தொழிலதிபர்களே!

'தொழிலுக்கு ரீஃபர்பிஷ்டு சர்வரும் யுபிஎஸ்ஸும் வாங்குறது லாபமா, வில்லங்கமா?' இதுதான் தலைப்பு. லாபமேன்னு பேச வந்திருக்கேன். எனக்கு முன்னால பேசின அண்ணன், 'வில்லங்கம், வில்லங்கம்'னு மைக் சூடாகுற அளவுக்குச் சொல்லிட்டுப் போனார். அண்ணே, அந்த மைக்கும் புதுசு இல்லைண்ணே. மைக்செட்காரர்கிட்ட விசாரிச்சுட்டேன்!

முதல்ல இந்தச் சாமான் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். அண்ணன் சொல்ற மாதிரி கெட்டுப்போய்க் காயலான் கடைக்கு வந்த சரக்கு இல்லைங்க. பேங்கும் பெரிய ஐடி கம்பெனியும் நாலஞ்சு வருஷம் ஏசி ரூம்ல வெச்சு ஓட்டிட்டு, லீஸ் முடிஞ்சுபோச்சுன்னோ சர்வீஸ் ஒப்பந்தத்துக்குக் கூடக் கேட்கிறாங்கன்னோ கழட்டி விடுறதுதான் பெரும்பாலும் வருது. நம்ம நாட்டுக் கம்பெனிச் சட்டம், 2013ல வந்தது, சர்வருக்கு எத்தனை வருஷம் ஆயுள் போடுது தெரியுமா? 6 வருஷம். மைக்ரோசாஃப்ட் 2022ல தன் சர்வர்களோட ஆயுள் கணக்கை 4 வருஷத்துலேர்ந்து 6 வருஷம் ஆக்கிக்கிச்சு. அடுத்த வருஷமே கூகுளும் 6 ஆக்கிச்சு. பணம் கொட்டிக் கிடக்கிறவனே 'இன்னும் ரெண்டு வருஷம் ஓடட்டும்'ங்கிறான். லோன் போட்டுத் தொழில் பண்ற நமக்கு என்னங்க அவசரம்?

இதுல ஊருக்கும் நல்லது இருக்கு. 2022ல உலகம் தூக்கிப் போட்ட மின்கழிவு 6.2 கோடி டன். அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி பண்ணது 22.3 சதவீதம்தான்னு ஐ.நா. அறிக்கை சொல்லுது. ஓடுற பெட்டியை அந்தக் குப்பையில சேர்க்கணுமா?

'வயசான மிஷினை எப்படி நம்புறது?'ன்னு எதிரணி அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்விதாம்மா. ஆனா எதுக்கு வயசாகுது? ப்ராசஸர் அவ்வளவு லேசுல தேயாது. மெமரியும் அப்படித்தான். சர்வர்ல இருக்கிற ஈசிசி மெமரி, சின்னப் பிழை வந்தா தானே திருத்திக்கிட்டு, 'இந்த இடத்துல பிழை'ன்னு எழுதியும் வெச்சுடும். தேயறது வேற: சுத்துற ஹார்ட் டிஸ்க், எழுதி எழுதித் தீர்ற எஸ்எஸ்டி, ஃபேன். யுபிஎஸ்ல பேட்டரி, கெப்பாசிட்டர், ஃபேன். அதனால பெட்டியைப் பழசா வாங்கு, தேயறதைப் புதுசாப் போடு. ரீஃபர்பிஷ்டுன்னா அதாங்க அர்த்தம். தூசி தட்டி ஸ்டிக்கர் ஒட்டித் தர்றவன்கிட்ட நானும் வாங்கச் சொல்லலை.

பேட்டரி கதையைக் கேளுங்க. யுபிஎஸ்ல போடுற சீல்டு பேட்டரிக்குக் கம்பெனிக்காரன் சொல்ற ஆயுள், 25 டிகிரிச் சூட்டுக்குச் சொல்றது. அதுக்கு மேல ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். நம்ம யுபிஎஸ் எங்க இருக்கு? மாடிப்படிக்கு அடியில, உடைஞ்ச நாற்காலிக்கும் பழைய லெட்ஜருக்கும் நடுவுல! ஆயுத பூஜை வந்தா அதுக்குச் சந்தனம் வைப்போம், குங்குமம் வைப்போம், காத்து வர மட்டும் வழி வைக்க மாட்டோம். ரெண்டு மூணு வருஷத்துல பேட்டரி உப்பிக்கும். அப்ப என்ன பண்றோம்? யுபிஎஸ்ஸையா தூக்கிப் போடுறோம்? பேட்டரியை மட்டும் மாத்துறோம். அன்னிக்கு நம்ம ஆபீஸ்ல இருக்கிறது என்னங்கய்யா? பழைய பெட்டி, புது பேட்டரி. ரீஃபர்பிஷ்டு யுபிஎஸ்! அண்ணன் கடையிலயும் அதான் ஓடுது. கேட்டா வில்லங்கம்கிறார்.

'ஏமாத்திடுவாங்க'ன்னாங்க. மணப்பாறைச் சந்தையில பல்லைப் பார்க்காம மாடு பிடிக்கிறவர் உண்டா? சர்வருக்கும் பல் இருக்குங்க. சர்வரைக் கண்காணிச்சுக் குறிப்பு எழுதி வைக்கிற பகுதிதான் அது: டெல்லுல ஐடிராக், எச்பியில ஐஎல்ஓ. எந்த மெமரி மக்கர் பண்ணுச்சு, எந்தப் பவர் சப்ளை எப்ப போச்சுன்னு தேதியோட அதுல இருக்கும். அந்தப் பதிவை முழுசா அழிச்சு வெச்சிருந்தா ஏன்னு கேளுங்க. ஹார்ட் டிஸ்க் தான் எத்தனை மணி நேரம் ஓடினேன்னு தானே எழுதி வெச்சிருக்கும். யுபிஎஸ்ஸுக்கு நம்ம லோடைக் கொடுத்து, மெயின்ஸை அணைச்சுட்டு, கடிகாரத்தைப் பாருங்க. சீரியல் நம்பர் போட்டு ஜிஎஸ்டி பில் கேளுங்க. தரமாட்டேன்னா வண்டியைத் திருப்புங்க.

அடுத்து, 'பழசு கரன்ட்டைக் குடிக்கும்.' குடிக்கும், ஒத்துக்கிறேன். எவ்வளவு? புதுசை விட 100 வாட் கூட இழுக்குதுன்னு வைங்க. ராத்திரி பகலா ஓடினா வருஷத்துக்கு 876 யூனிட். யூனிட் 10 ரூபாய்னு போட்டா 8,760 ரூபாய். வாங்கும்போது மிச்சமாகிறது லட்சத்துல. கரன்ட்டுல போறது ஆயிரத்துல. அதுக்காக பாட்டன் காலத்துச் சர்வரைத் தலையில கட்டிக்கச் சொல்லலை. 2017ல வந்த டெல் ஆர்740, எச்பிஇ ஜென்10 தலைமுறையிலேர்ந்து பாருங்க. நீங்க போடப்போற விண்டோஸோ வேறெதுவோ அந்த மாடலை ஏத்துக்குமா, ஒப்பந்தம் இல்லாம ஃபர்ம்வேர் அப்டேட் கிடைக்குமான்னு முன்கூட்டியே கேட்டுக்குங்க.

கடைசியா, எதிரணியோட பிரம்மாஸ்திரம்: வாரன்டி! திருப்பூர்ல ஒரு நடுத்தரப் பனியன் கம்பெனி. ஆர்டர், ஸ்டாக், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் ஒரே சர்வர்ல. சனிக்கிழமை ராத்திரி மதர்போர்டு போயிடுது. வாரன்டி அட்டையில 'அடுத்த வேலை நாள்'னு போட்டிருக்கு. அடுத்த வேலை நாள் எது? திங்கள். திங்கள் பொங்கலா இருந்தா? தூத்துக்குடியில கப்பல் நமக்காக மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் எல்லாம் முடியுற வரைக்கும் நிக்குமா?

புது சர்வர் ஒண்ணு வாங்குற காசுல, ஒரே மாடல்ல பழசு ரெண்டு வாங்கி, புது டிஸ்க் போட்டும் பல சமயம் கையில மிச்சம் இருக்கும். ஒண்ணு வேலை பார்க்கும். இன்னொண்ணு தினமும் ராத்திரி பேக்கப்பை வாங்கி வெச்சுக்கிட்டுத் தயாரா நிக்கும். முதல் சர்வர் படுத்தா, ஞாயித்துக்கிழமை காலையில டீ ஆறுறதுக்குள்ள ரெண்டாவது எழுந்திருக்கும்.

யுபிஎஸ்ஸும் அப்படித்தான். சர்வருக்குப் பின்னாடி ரெண்டு பவர் சப்ளை எதுக்கு வெச்சிருக்கான்? ரெண்டு தனி வழியில கரன்ட் வரட்டும்னு. புது யுபிஎஸ் ஒண்ணு வாங்கினவர், ரெண்டு ஒயரையும் அந்த ஒண்ணுலயே சொருகி வைப்பார். அது போனா மொத்தமும் போச்சு. ரீஃபர்பிஷ்டு ரெண்டு வாங்கினவர், இதுல ஒண்ணு அதுல ஒண்ணு சொருகுவார். ஒரு யுபிஎஸ் செத்தாலும், ஜெனரேட்டர் எழுந்திருக்கிற வரைக்கும் இன்னொண்ணு தாங்கும்.

நடுவர் அவர்களே, புதுசும் ஒரு நாள் நிக்கும், பழசும் ஒரு நாள் நிக்கும். நிக்கிற அன்னிக்குத் தொழில் நிக்காம இருக்கணும். அதுக்கு வேண்டியது கைக்கெட்டுற தூரத்துல இன்னொரு மிஷின். அந்த இன்னொண்ணை நம்ம மாதிரி சிறு தொழில்காரன் கைக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது ரீஃபர்பிஷ்டு சந்தைதான். அதனால லாபமேன்னு தீர்ப்பு சொல்லுங்க.