கைகால்களில் இரத்த நாளம் வெடித்தால்



கையிலோ காலிலோ திடீரென நீலத் திட்டு தோன்றினால், "நரம்பு வெடித்துவிட்டது" என்று அஞ்சுவது நம்மவர் வழக்கம். உண்மையில் வெடிப்பது நரம்பன்று. தோலுக்கடியில் ஓடும் சிறிய இரத்த நாளமே. பெரும்பாலும் அது தானாக ஆறிவிடும். சில வேளைகளில் வேறொரு நோயின் அறிகுறியாகவும் அமையும். இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியம்.

முதலில் கைகள். பை தூக்கும்போதோ, காரணமே இன்றியோ, விரல் சுரீரென வலித்து வீங்கி நீலநிறம் அடைவதுண்டு. ஜெர்மானிய மருத்துவர் அக்கென்பாக் விவரித்த இந்நிலை, நடுத்தர வயதைக் கடந்த பெண்களிடம் மிகுதி. சில நாள்களில் மறைந்துவிடும். ஆனால் விரல் குளிர்ந்து வெளிறினால் உடனடிச் சிகிச்சை வேண்டும்.

முன்கையில் அடிக்கடி செந்நீலத் திட்டுகள் தோன்றுவதற்கு, முதுமையிலும் வெயிலிலும் மெலிந்த தோல் காரணமாகலாம். ஸ்டீராய்டு மருந்துகளும், ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவையும் இதற்கு வழிவகுக்கும். எனினும் அம்மருந்துகளைத் தாமாகவே நிறுத்துதல் ஆபத்தானது. தாயகத்திலிருந்து தருவித்த மூலிகை மருந்துகளை உட்கொள்வோர், அதனையும் மருத்துவரிடம் கூற வேண்டும்.

அடிபடாமலே உடலெங்கும் திட்டுகள் தோன்றி, ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசிந்தால், இரத்தத் தட்டணுக் குறைவோ கல்லீரல் நோயோ இருக்கலாம். இதற்கு இரத்தப் பரிசோதனை தேவை. காய்ச்சலுடன் தோன்றும் சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள், கண்ணாடிக் குவளையால் அழுத்தியும் மறையாவிடில், அது உயிராபத்தான தொற்றாக இருக்கலாம். உடனே 000ஐ அழையுங்கள்.

அடுத்து, கால்கள். சிரைகளின் உள்ளேயுள்ள வால்வுகள் பழுதுற்றால் இரத்தம் கீழே தேங்கி, நாளங்கள் புடைத்துச் சுருளும். மகப்பேறு, உடற்பருமன், நெடுநேரம் நின்று பணிபுரிதல், குடும்ப வழி ஆகியவை இதற்குத் துணைபோகும். கணுக்காலருகே தோல் மெலிந்திருந்தால், சிறு கீறலே போதும், இரத்தம் பீறிடும். வலி இல்லாமையால் பலர் உடனே உணர்வதில்லை. தனித்து வாழும் முதியோருக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்போது செய்ய வேண்டியது எளிது. நிற்காமல் உடனே படுத்துக்கொள்ளுங்கள். காலை நெஞ்சு மட்டத்திற்கு மேலே உயர்த்துங்கள். சுத்தமான துணியால் பத்து நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல், அழுத்துங்கள். முழங்காலுக்கு மேலே கயிற்றால் கட்டாதீர்கள். இறுக்கம் போதாவிடில் இரத்தப்போக்கு கூடிவிடும். இரத்தம் பீறிட்டாலோ, நிற்காவிட்டாலோ 000ஐ அழையுங்கள். நின்றாலும் குடும்ப மருத்துவரைப் பாருங்கள், மீண்டும் வெடிக்கக்கூடும். சுருண்ட நாளங்களுக்கு இன்று நல்ல சிகிச்சைகள் உள்ளன.

ஆங்கிலம் தடையாக இருப்பின், 131 450 என்ற எண்ணில் தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம். கூச்சத்தால் காலை மறைக்க வேண்டாம். காலத்தே காட்டினால் காப்பது எளிது.